பிரேக் அக்காவின் விமானம்

"ரோட்டப் பாரும்மா! என் மூஞ்சியில என்ன சிக்னலா எரியுது?" என்று கத்தும்போதே அவள் வலது கால் பிரேக்கை மிதித்திருக்கும். கார் குலுங்கி நிற்கும். குறுக்கே வந்த நாய் தன் பாட்டுக்குப் போகும். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியின் வண்டி அது. சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் இடது சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அவளிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு அவள் பிரேக் அக்கா.

காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் அடங்குவதில்லை. டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிக்கும். சொந்தக் காரில் அவள் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் கணவர் ஓட்டும்போதெல்லாம் மிதித்து மிதித்து, காலடியில் போட்ட ரப்பர் விரிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது.

கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். விடியுமுன் போய் மதியம் வீடு திரும்புவார். "அடுத்த தடவ இரும்புலதான் மேட் வாங்கணும்" என்பார்.

"நீங்க ஒழுங்கா ஓட்டினா நான் ஏன் மிதிக்கப்போறேன்?"

இவளை விமானத்தில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமா? ஒரே மகள் கடல் கடந்து இருக்கிறாள். அவள் பட்டம் வாங்கியபோது இருவரும் கிளம்பினார்கள். ஏறுகிற வரிசையில் நின்றவளைப் பயம் பிடித்துக்கொண்டது. காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிவிட்டாள். அவர் மட்டும் போய்வந்தார். இப்போது மகள் மாசமாக இருக்கிறாள். போனில் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "பிரசவத்துக்கு வருவியா, இல்ல மறுபடியும் காய்ச்சலா?" பெற்றவளின் வாய் அப்படியே மகளுக்கும் இருக்கிறது, வேறெங்கே போகும்?

அந்த மகளே விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வாங்கி, அங்கிருந்தபடியே இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். பிடித்து ஓட்ட ஒரு கைப்பிடி பார்சலில் வந்தது. "நீயே ஓட்டிப் பாரும்மா. பயம் தெளிஞ்சிரும்."

மதிய வகுப்புக்கு முன் கிடைத்த நேரத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு குட்டி விமானம். உள்ளே இரண்டு சீட்டு. விமானி உட்காருவது இடது பக்கம்.

"அட, நம்ம சீட்டு!"

ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் வினை. ஓடுதளம் எதிரே பெரிதாகிக்கொண்டே வந்ததும் மேஜைக்கடியில் கால் தரையை மிதித்தது; கையும் பிரேக் பொத்தானைத் தேடி அமுக்கியது. ஆகாயத்தில் பிரேக் எதைப் பிடிக்கும்? பதறிப்போய் இன்ஜின் வேகத்தை அடியோடு குறைத்தாள். விமானம் ஒரு சோளக்காட்டில் போய் விழுந்தது. மறுநாளும் அதே சோளக்காடு.

பக்கத்தில் உட்கார்ந்து பன்னைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த கணவர் சொன்னார், "வானத்துல எவன் குறுக்க வரப்போறான்னு இந்த மிதி மிதிக்கிற?"

"வந்துட்டா?"

"வந்தா ஹாரன் அடி."

விளையாட்டுக்குள் சொல்லிக்கொடுக்கும் குரல் ஒன்று உண்டு. "வேகம் குறைகிறது. விமானத்தின் மூக்கைத் தாழ்த்துங்கள், வேகம் கூடும்" என்றது.

"கீழ விழப்போறவள மூக்கத் தாழ்த்துங்கிறான், அறிவு கெட்டவன். யார்கிட்ட சொல்ற? எத்தன பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவ தெரியுமா நான்?" என்றபடி மூக்கைத் தூக்கினாள். சோளக்காடு.

"பரவாயில்லை. மறுபடி முயலலாம்" என்றது குரல். எத்தனை முறை விழுந்தாலும் அதே நிதானம். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இவனுக்கு ரோஷமே கிடையாதா? நானா இருந்தா இந்நேரம் நடுரோட்டுல எறக்கிவிட்டிருப்பேன்."

அந்த வாரம் ஒரு மேட்டில் வண்டி நின்றுவிட்டது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸ். ஸ்டியரிங்கை உடும்பு மாதிரி பிடித்திருப்பாள். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேக் அக்காவுக்கு வசவு நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது.

"பரவால்ல. மறுபடி எடு. எவன் ஹாரன் அடிச்சாலும் அடிக்கட்டும், நீ மெதுவா எடு."

பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோல நர்ஸ் அவளைப் பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள். பின்னால் ஒரு அங்குலம்கூட உருளாமல் அது மேடேறியது. அக்காவின் கால் பிரேக்கின் மேலே காத்திருந்தது, அமுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவள் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியிலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். "இந்தக் கால் கீழ இருந்தாத்தானே வம்பு."

ஓடுதளம் வந்தது. பெரிதானது. மடித்த தொடை வெடுக்கென்று துடித்தது. "வேகம் குறைகிறது" என்றது குரல். பல்லைக் கடித்துக்கொண்டு மூக்கைத் தாழ்த்தினாள். விமானம் திமிறாமல் சொன்னபடி கேட்டது. சக்கரம் தரையைத் தொட்டு, ஒரு குதி குதித்து, மறுபடி தொட்டு ஓடியது.

"இப்ப அமுக்கலாம்" என்றார் கணவர் பவ்யமாக. அமுக்கினாள். நின்றது.

அவர் கைதட்டியதில் மேஜையெல்லாம் மாவு. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. போனை எடுத்தாள்.

"டிக்கெட்டப் போடு."

"காய்ச்சல் வந்தா?" என்றாள் மகள்.

"மாத்திர போட்டுட்டு ஏறுவேன். உனக்கென்னடி? ஓட்டறவன் மட்டும் பதறிப்போய் வேகத்தக் கொறைக்காம இருந்தாச் சரி."

கிளம்பும் நாளில் கணவர்தான் காரை ஓட்டினார். பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள்; அவள் மடியில், குழந்தைக்குத் தைத்த துணிகள் அடங்கிய பை. பெரிய சாலைக்கு வந்ததும் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. அவர் பிரேக்கை அமுக்கினார். பழக்க தோஷத்தில் அவள் பக்கம் குனிந்து பார்த்தார்.

ஓட்டை விழுந்த விரிப்பின் மேல் செருப்புகள் மட்டும் கிடந்தன. அவள் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.