ரிசல்ட் சொல்லாதே

போன மாதம் காருக்கு டயர் மாற்ற வேங்கிக்காலில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின். வாசலில் பெயர்ப்பலகை இல்லாவிட்டால் பல் ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்திருப்பேன். ஆனால் உள்ளே கால் வைத்ததும் மூக்கு கண்டுபிடித்துவிட்டது. புது ரப்பர் வாசனையை எந்த ஏசியாலும் ஒன்றும் செய்ய முடியாது. காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குடிக்க முடியவில்லை. தரணி நினைவுக்கு வந்துவிட்டான்.

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு நானும் அவனும் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் வேலை பார்த்தோம். நான் கம்ப்யூட்டர் பக்கம், அவன் டயர் பக்கம். டிப்ளமோ படித்த திமிரில் நான் கையில் அழுக்குப் படாமல் வேலை செய்வேன். அவன் முழங்கை வரை கருப்பாகத்தான் இருப்பான். தரணேந்திரன் என்பது முழுப்பெயர். வந்தவாசிப் பக்கம் ஒரு நயினார் வீட்டுப் பிள்ளை. சமணக் குடும்பம் என்பதால் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவான். ஐந்தரை மணிக்கு எந்த வண்டி வந்து நின்றாலும் சரி, கையைக் கழுவிக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவான். முதலாளியும் ஒன்றும் சொல்லமாட்டார்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு பைத்தியம். மட்கார்டு இல்லாமல் நான்கு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றை ஆள் ரேஸ் கார்களை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு கட்சி உண்டு. நான் ஃபார்முலா ஒன். அவன் அமெரிக்காவில் நடக்கும் இண்டி. இத்தனைக்கும் எனக்கு மொபெட் ஓட்டும்போதே இரண்டு காலும் தரையைத் தேடும்.

என் கட்சிக்கு வசதி ஜாஸ்தி. ஞாயிறு சாயங்காலம் கேபிளைத் திருப்பினால் வந்துவிடும். மழையில் ஓடும், ஊருக்குள் சந்துபொந்தில் ஓடும், வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துப் பார்ப்பதே ஒரு கல்வி என்று பேசுவேன். "இன்னா கல்வி? எவன்கிட்ட நல்ல கார் இருக்குதோ அவன்தான் வருசம் பூரா ஜெயிக்கிறான். எங்காளுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி காரு. ஓட்டத் தெரிஞ்சவன் ஜெயிப்பான்" என்பான் தரணி. அதில் உண்மை இருந்தது. இருந்தாலும் ஒத்துக்கொண்டால் நான் என்ன ரசிகன்.

அவன் பந்தயங்களில் பாதி ஓவல் பாதையில் நடக்கும். முட்டை வடிவ வட்டம், இடதுபக்கமாகவே இருநூறு சுற்று. பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் மலையை வலமாகச் சுற்றுகிற ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா? "அப்பிரதட்சணமா சுத்துறானுங்கடா, உருப்படுமா?" என்று கேட்பேன். அவன் விடமாட்டான். "உங்காளு ஜெயிச்சா சாராயத்த பீச்சி அடிக்கிறான். எங்க பெரிய ரேஸ்ல ஜெயிச்சவன் பால் குடிக்கிறான். எது ஒழுக்கம்னு நீயே சொல்லு." பால் விஷயம் நிஜம்தான். அதை ஒரு மதப் பிரச்சாரம் போல வருகிற கஸ்டமரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரே ஒரு இடத்தில் அவன் வாய் அடங்கும். ஓவலில் வேகம் குறைவதே கிடையாது. வெளியே நீட்டியிருக்கும் சக்கரம் முன்னால் போகிறவனின் சக்கரத்தில் ஏறினால் கார் பறக்கும். அதைப் பிடித்துக்கொள்வேன். "எறும்பு செத்துடும்னு தரையைப் பாத்து நடக்கிற வீட்ல பொறந்துட்டு கொலைக்களத்த உக்காந்து பாக்குறியே" என்பேன். அவன் டயரை உருட்டிக்கொண்டு போய்விடுவான். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் மனிதனுக்கு நாக்கு மட்டும்தான் வளர்ந்திருக்கும்.

அவன் பந்தயம் நம் ஊர் டிவியில் வருவது குதிரைக் கொம்பு. நாம் தூங்கும்போது அங்கே நடந்து முடிந்துவிடும். ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் வெள்ளைக்காரர்களை நம்பி நடந்த ஒரு பிரவுசிங் சென்டரில் திங்கட்கிழமை பகல் முழுக்க அந்த ரேஸ் வீடியோ டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும். சாயங்காலம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பென் டிரைவை என் அலைன்மென்ட் கம்ப்யூட்டரில் செருகி இருவரும் பார்ப்போம். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தான். திங்கட்கிழமை யாரும் ரிசல்ட் சொல்லக் கூடாது. சொல்லக் கூடாது என்ன, முகத்தில்கூடக் காட்டக் கூடாது. கடைக்குள் நுழையும்போதே இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் வருவான். ஒருமுறை நான் வாய் தவறி ஜெயித்தவன் பெயரைச் சொல்லிவிட்டேன். நாலு நாள் பேசவில்லை.

ஓட்டுநர்களில் அவன் ஆள் ஒருவன் இருந்தான். பெரிய டீம் இல்லை, பணம் இல்லை, எப்போதும் ஐந்தாவது ஆறாவதாக வருவான். அவன் படத்தைச் செய்தித்தாளில் வெட்டி டிபன் பாக்ஸ் வைக்கும் அலமாரியின் உள்பக்கம் ஒட்டியிருந்தான் தரணி. சாமி படத்துக்குக் கீழே. ஃபார்முலா ஒன்னில் எனக்கும் அப்படி ஒரு ஆள் உண்டு, படம் ஒட்டவில்லை, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது டிவியில் செய்தி ஓடியது. அடியில் ஒரே ஒரு வரி. அமெரிக்கக் கார் பந்தயத்தில் வீரர் பலி. பெயரும் போட்டிருந்தான். தரணியின் ஆள்தான்.

கடைக்குப் போனேன். தரணி முன்பே வந்திருந்தான். என்னைப் பார்த்ததும் காதைப் பொத்தினான்.

"வாயத் தொறக்காத."

நான் திறக்கவில்லை. ஒன்பது மணிக்குத் திறக்கவில்லை. பதினொரு மணிக்கு ஒரு வேனுக்கு நாலு டயரும் மாற்றும்போது பக்கத்திலேயே நின்றேன், அப்போதும் திறக்கவில்லை. மத்தியானம் அவனே கேட்டான்.

"மூஞ்சி ஏன்டா ஒரு மாதிரி இருக்குது? நம்மாளு ஜெயிச்சிட்டானா?"

"போய்ப் பாரு" என்றேன். கல்லுளிமங்கன் மாதிரி.

இதை எழுதும்போது, சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன் என்று எழுதிவிட்டுப் போகலாம். நீங்களும் நம்புவீர்கள். நானே பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை அது இல்லை. கொலைக்களம் என்று இரண்டு வருடமாக நான் சொல்லிவந்ததை இன்றைக்குத் திரையே அவனுக்குச் சொல்லட்டும் என்று எனக்குள் ஒருவன் காத்திருந்தான். ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக ஒரு மனிதனின் சாவைப் பகல் முழுக்கச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அற்பம் என்று அதற்குப் பெயர்.

சாயங்காலம் அவன் சாப்பிட்டுவிட்டு, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பந்தயத்துக்கு முன்னால் ஓட்டுநர்களைக் காட்டினார்கள். அந்த ஆள் மூன்று வயதுப் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தான். குழந்தை அவன் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது.

"பாருடா, பொண்ண தூக்கினு வரான்" என்று தரணி சிரித்தான்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தது. அந்த அறையிலும் திரையிலும், அந்தக் குழந்தை உட்பட யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். நான் கை நீட்டவில்லை.

பன்னிரண்டாவது சுற்றில் சக்கரத்தில் சக்கரம் ஏறியது. கார் கம்பி வேலியில் போய் மோதியதைக் காட்டினார்கள், பிறகு காட்டவில்லை. எல்லாக் கார்களும் நின்றன. வர்ணனைக்காரரின் குரல் தாழ்ந்தது. தரணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், கிட்டப் போனால் வேறு மாதிரி தெரியும் என்பது போல. இறந்துவிட்டதாகச் சொன்னபோது அவன் அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ம்."

"எப்பலருந்து?"

"காலைலருந்து. நீதான ரிசல்ட் சொல்லாதன்னு…"

"அது ரிசல்ட்டாடா?" என்றான்.

சத்தம் போடவே இல்லை. பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, குனிந்து ஷட்டருக்கு அடியில் போய்விட்டான்.

மறுநாள் வேலைக்கு வந்தான். வேலையைப் பற்றி மட்டும் பேசினான். காற்று எவ்வளவு, சக்கரத்துக்கு வெயிட் எந்தப் பக்கம், அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு வருவதை விட்டுவிட்டான். மன்னிப்புக் கேட்க நான் தினமும் நல்ல நேரம் பார்த்தேன். தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. ஓசூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக முதலாளி சொன்னார்.

மூன்று வருடம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தரணி என்று பெயர் வந்தது. நான் அழிக்காமல் வைத்திருந்த எண்.

"ரேஸ் பாத்துட்டியா?" என்றான். நல்லா இருக்கியா என்றெல்லாம் கேட்கவில்லை.

"இல்லடா. பஸ்ல இருக்கேன். நைட்டு மறுபடியும் போடுவான், அப்ப பாக்கலாம்னு…"

"பாக்காத." கொஞ்சம் நிறுத்தினான். "உன் ஆளு போய்ட்டான். தெரியாம உக்காந்து பாத்துடப் போறியேன்னுதான் போன் பண்ணேன்."

"தரணி" என்று மட்டும் சொன்னேன்.

"வெச்சிடறேன்" என்றான்.

பஸ் கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து உட்கார இடம் விட்டார். அந்தப் பந்தயத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எதையுமே பார்க்கவில்லை.

எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதி. பிரவுசிங் சென்டரில் கேக் விற்கிறார்கள். கடல் கடந்து என்ன நடந்தாலும் மறு நிமிடம் போன் சட்டைப் பைக்குள் துடித்துச் சொல்லிவிடுகிறது. எதையும் யாரும் யாரிடமும் மறைக்க முடியாது, யாரும் யாரையும் அழைத்துச் சொல்லவும் தேவையில்லை. தரணியின் எண்ணுக்கு அப்புறம் பலமுறை அடித்தேன். முதலில் எடுக்கவில்லை. பிறகு உபயோகத்தில் இல்லை என்றது. இரண்டு வருடத்துக்கு முன் அடித்தபோது யாரோ ஒரு பெண் எடுத்தார். தரணி என்று ஒருவர் இந்த எண்ணை வைத்திருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றேன்.

"என்கிட்ட சொன்னா நான் யாருகிட்டங்க போய் சொல்றது?" என்றார்.