காடு பாடமாக்கிய பெயர்

நேற்று மாலை ஒரு வாதத்தில் தோற்றேன். எதிரணியில் நின்றவள் எட்டு வயதுச் சிறுமி! இந்தப் பத்தியில் என் வெற்றிகளையே வாசித்துப் பழகியவர்கள் பொறுத்தருள்க.

வட்டக்கச்சியில் அக்காவுக்குக் கிடைத்த காணியின் பின்வேலியோடு காடு தொடங்குகிறது. முதலில் வளர்த்த நாயை அங்கேதான் சிறுத்தை கொண்டுபோயிற்று. அக்காவின் மகள் வசந்தி பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். இப்போது புதுக்குட்டி. எலும்பும் தோலுமான அதற்குப் பெயர் வீமன்! கூப்பிட்டால் வரப் பழக்க வேண்டும். பழகாவிட்டால் இதுவும் சிறுத்தைக்குத்தான்.

"அடியாத மாடு படியாது, தம்பி," என்றார் அத்தான், கையில் பூவரசந்தடியுடன்.

விடுவேனா? தண்டனை அச்சத்தை வளர்க்கும். அன்பே அறிவை வளர்க்கும் — எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன்! தடியை வாங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். மாலையானதும் வேலியடியில் நின்று வசந்தி, "வீமா, வா!" என்பாள். வந்தால் நகத்தளவு கருவாடு. வராவிட்டால் ஏச்சில்லை, அடியில்லை, கருவாடும் இல்லை. குட்டி வந்த ஒவ்வொரு முறையும், "மாமா, வாங்கோ! பாருங்கோ!" என்று என்னையும் கூவியழைப்பாள். நாலே நாளில், பெயரின் முதல் எழுத்துக்கே வீமன் பாய்ந்து வந்தான்.

தயிர் கொண்டுவரும் பொன்னம்மா மட்டும் முகம் சுளித்தார். அவர் இந்தப் பகுதியின் பழைய ஊர்க்காரர்.

"பொழுதுபடேக்கை காட்டுக்கரையிலை நிண்டு பேர் சொல்லிக் கூப்பிடாதையுங்கோ, தம்பி. நாங்கள் 'கூ' எண்டுதான் குரல் குடுப்பம். பேரைச் சொன்னா காடு கேட்டுக் கேட்டுப் பாடமாக்கிப் போடும்."

"பாடமாக்கி? சோதனை எழுதவோ?" என்றேன்.

அக்கா சிரித்தார். பொன்னம்மா சிரிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மாலை. வசந்தி குசினி அடுப்பருகே என் பக்கத்தில் அமர்ந்து பாண் தின்றுகொண்டிருந்தாள். வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"வீமா, வா!"

வசந்தியின் குரல். அதே இழுப்பு... அதே செல்லம்.

குட்டி வாலை ஆட்டியபடி ஓடியது. வேலியில் நாய் நுழையுமளவு இருந்த பொட்டுக்குள் புகுமுன் ஓடிப்போய்ப் பின்காலைப் பிடித்துவிட்டேன். காட்டில் ஓர் இலையும் அசையவில்லை.

மறுநாளும் அழைத்தது. அன்று அத்தானும் கேட்டார்.

"குரலைத் திருப்பிச் சொல்லும் பறவைகள் உண்டு, அத்தான்," என்று வாதிட்டேன்.

"பறவை எண்டா மேலையிருந்தெல்லோ கேக்கோணும்? இது பிள்ளையின்ரை உயரத்திலையிருந்து கேக்குது."

வேலிக்கு மேலே தெரிந்த கிளைகளை அண்ணாந்து பார்த்தேன்.

"உம்மடை அன்பாலை வந்த வினை! நாளைக்குச் சங்கிலி வாங்கப் போறன்," என்றார் அத்தான்.

வசந்தியின் கண்கள் நிறைந்தன. ஆனால் அழவில்லை; யோசித்தாள்.

"மாமா, வந்ததுக்குத்தானே கருவாடு குடுத்தனாங்கள்? போகாமல் இருந்தாலும் குடுப்பம்."

எளிய வாதம். எனக்கு ஏன் தோன்றவில்லை?

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் முற்றத்தில் அமர்ந்தோம் — வசந்தி, குட்டி, நான். குரல் கேட்டதும், குட்டி எழுமுன் அதன் வாயில் கருவாடு. முதலில் கழுத்துக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு விரலால் தொட்டாலே போதும் என்றாயிற்று. நேற்றுக் கயிறே இல்லை. மூன்று முறை அழைத்தது. வீமன் நடுங்கினான், வசந்தியின் கையைப் பார்த்தான், இருந்த இடத்திலேயே இருந்தான்.

வெற்றி என்று முழங்க வாயெடுத்தேன். வேலிக்கு அப்பால், யாரோ யோசிப்பது போன்ற ஓர் அமைதி...

பிறகு அதே குரல், அதே செல்லம்.

"மாமா, வாங்கோ!"

வசந்தி என் பக்கத்தில்தான் இருந்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. எந்த மேடை அழைத்தாலும் எழுந்து பழகிய கால்கள் அல்லவா? பாதி எழுந்துவிட்டேன். ஒரு சிறிய கை என் சால்வை நுனியைப் பற்றி இழுத்தது. இருந்தேன்.

என் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருவாட்டை வைத்தாள்.

தின்றுவிட்டேன்.