நாலே முக்கால் மணித்தியாலம்

பெரியகல்லாற்றுச் சீதேவிப்பிள்ளைக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினால் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இறங்கலாம் என்று ஊரே அவளிடம்தான் வந்து கேட்கும். குவைத், கத்தார், டுபாய் என்று பதினான்கு வருஷம் பிறர் வீட்டு அடுப்படியில் வெந்து வந்தவள் அல்லவா? மகள் லண்டன் போகிறாள் என்று யாராவது பெருமை பேச வந்தால், "பதினொரு மணித்தியாலம், கால் வீங்கும், எழும்பி நடக்கச் சொல்லு" என்பாள். பெருமை அத்தோடு அடங்கிவிடும்.

பயணம் போனவர் வீட்டில் உடனே கூட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம். மற்றவர்கள் வாகனம் சந்தி தாண்டியதும் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள். இவளோ பிடிவாதக்காரி. போய்ச் சேர்ந்த செய்தி காதில் விழாமல் முற்றத்தைத் தொடமாட்டாள்.

ஒரே மகன் வினோஜன் டுபாய்க்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னபோது, அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"தாய்லாந்துப் பக்கம் இல்லயே மனே?"

தன்னாமுனைப் பெடியன் ஒருவன் கம்ப்யூட்டர் வேலை என்று அந்தப் பக்கம் போனவன். எல்லைக்கு அப்பால் ஒரு முகாமில் அடைத்து, போனில் ஆட்களை ஏமாற்றச் சொல்லி அடிக்கிறார்கள் என்று ஒரே ஒரு முறை பேசினான். அதன்பின் எட்டு மாதமாகச் சத்தமில்லை.

"டுபாய்தான் அம்மா. உங்கட தலையில சத்தியம்" என்றான் வினோஜன். டிக்கட்டைக் காட்டு என்றதற்கு, ஏஜென்சிக்காரன் கட்டுநாயக்காவில் வைத்துத்தான் தருவான் என்றான். அவளும் அந்த ஒரு இடத்தில் ஏமாந்து போனாள்.

காலை ஏழு மணிக்கு விமானம். பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்து, "இன்னும் கூட்டல்லயாகா?" என்றாள்.

"பன்னெண்டாகட்டும்கா."

பதினொரு மணிக்கே போன் அடித்தது.

"அம்மா, வந்திறங்கிட்டன்."

சந்தோஷத்தில் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். அப்போதுதான் சுவர் மணிக்கூடு கண்ணில் பட்டது. டுபாய்க்கு நாலே முக்கால் மணித்தியாலம் வேண்டும். ஏழுக்கு ஏறியவன் பதினொன்றுக்கு எப்படி இறங்குவான்? விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். குரலை மாற்றாமல் கேட்டாள்.

"அங்க இப்ப எத்தின மணி மனே?"

"பன்னெண்டரை அம்மா."

போனில் இருந்ததைப் பார்த்து அப்படியே சொல்லிவிட்டான், பாவி. டுபாயில் அப்போது ஒன்பதரைதான். நமக்கு முந்தி விடியும் நாட்டில் அல்லவா நிற்கிறான்.

"கூட்டிப்போக ஆள் வந்திருக்கா?"

"ஓம், வேன் நிக்குது. இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் ஓடணுமாம்."

"அதுல ஏறாத மனே. அது டுபாய் இல்ல எண்டு எனக்குத் தெரியும். அங்க நிக்கிற பொலிசிட்டப் போ."

பின்னால் யாரோ புரியாத மொழியில் அதட்டுவது கேட்டது.

"மறுகா எடுக்கிறன் அம்மா" என்றான். அதன்பின் அந்த இலக்கம் வேலை செய்யவேயில்லை.

பொலிசில் எழுதிக் கொடுத்து நாலு மாதமாகிறது. முற்றத்தில் பூவரசம் இலை கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. போன கிழமை ஆச்சிப்பிள்ளை பொறுக்கமாட்டாமல் தானே விளக்குமாற்றோடு வந்தாள்.

"வந்திறங்கிட்டன் எண்டு புள்ள அண்டைக்கே சொன்னான்தானேகா. கூட்டிவிடுறன்."

சீதேவிப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கூரையில் செருகினாள்.

"வேணாம்கா. அவன் இன்னும் போய்ச் சேரல்ல."