ஆறு வாரம் வரைதான் காப்பீடு

ஆராய்ச்சிக்காக நான் சேர்ந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் முதல் வாரமே ஒரு கடிதம் கொடுத்தது. நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, உதவித்தொகை பெறும் ஆய்வாளர். ஆகவே ஊழியர் சலுகைகள் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் கவலை வேண்டாம், உங்களுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று இருந்தது. பக்கத்து மேசையில் அதே வேலையைச் செய்தவள் ஊழியர். அவளுக்குப் பேறுகால விடுப்பு உண்டு, எனக்குக் கிடையாது. 'கவலை வேண்டாம்' என்று படித்த பிறகுதான் எனக்குக் கவலையே வந்தது.

இந்தக் குணம் அப்பா வழியில் வந்தது. பதினாலு வருஷம் வளைகுடாவில் லாரி ஓட்டியவர் அவர். அங்கேயும் ஒரு காப்பீட்டு அட்டை இருந்ததாம், கம்பெனி ஆபீஸ் அலமாரியில். இடுப்பு விட்டுப்போய் அட்டையைக் கேட்டபோது, இடுப்பெல்லாம் இதில் வராது என்று சொல்லி விமானம் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தக் காகிதத்தையும் அப்பா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். குடுக்கிறதை முன்னால எழுதுவான், பிடுங்குறதைப் பின்னால எழுதுவான் என்பது அவர் கண்டது.

எனக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது வளைகாப்புக்காகத் திருவரங்குளம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தேன். கணவர் அங்கேயே இருந்துவிட்டார். என்னை நம்பி வந்து வேலை தேடிக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கம் வளையல் போட்டுத் தாய்வீடு வந்த பெண், பிள்ளையோடுதான் திரும்ப வேண்டும். நானோ ஒரு மாத விடுப்பில், திரும்பும் டிக்கெட்டோடு வந்திருந்தேன். இதை அம்மாவிடம் சொல்லும் தைரியம் வளையல் போட்ட பிறகும் வரவில்லை.

அப்பாதான் போட்டு உடைத்தார். காப்பீட்டுக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, வளைகுடாவில் கற்ற ஆங்கிலத்தில் இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் விரலை ஓரிடத்தில் வைத்தபடியே கூப்பிட்டார்.

"தாயி, இங்கிட்டு வா. இதப் படி."

ஆறு வாரத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் காப்பீடு தானாக முடிந்துவிடும். மறுபடி சேரலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள கர்ப்பத்துக்குப் பொருந்தாது. தாய்க்கும் இல்லை, பிறக்கும் குழந்தைக்கும் இல்லை. ஆராய்ச்சி செய்கிறேன் என்று பேர், நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை.

அப்பா அம்மாவையும் கூப்பிட்டு, காப்பீடு போய்விடும், இவள் ஒரு மாதத்தில் திரும்பியாக வேண்டும் என்றார். அம்மா நம்பவில்லை. "அப்பனும் மகளும் சேந்து கத கட்டுறீகளா? தலப்பிரசவத்துக்குத் தாய்வீட்ட விட்டுப் போகணும்னு எந்தப் பேப்பர்ல எழுதியிருக்கு?" என்றாள். நான் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் நலமே எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அப்பா சிரித்தார். "இது பதில் இல்ல தாயி, பசப்பு. உண்டா இல்லையான்னு மட்டும் எழுதச் சொல்லு. எழுதுறவன் பேரும் போடணும்." அப்படியே கேட்டேன். குறிப்பிட்ட நாளுக்குள் திரும்பினால் பிரசவச் செலவு உண்டு, குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே உண்டு என்று பெயரோடு பதில் வந்தது. அதையும் நான் நம்பவில்லை. வேறு வழி இல்லாததால் ஒப்புக்கொண்டேன்.

விமானத்தில் ஏற மருத்துவர் சான்று வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அம்மாவோடு போனேன். நான் உள்ளே ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நர்ஸ் எத்தனை மாதம் என்று வெளியே அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மா எட்டு என்றாளாம். எங்கள் ஊர்ப் பெண்கள் நடக்கும் மாதத்தையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஏழு முடிந்து மறுநாளே எட்டுதான். நர்ஸ் அதை எட்டு முடிந்ததாக எடுத்துக்கொண்டாளாம். என் ஸ்கேன் காகிதங்கள் அந்த நாட்டு மொழியில் இருந்தன, வயிறும் பெரியது. இருபத்தொன்பது வாரக்காரியான எனக்கு முப்பத்தைந்து வாரம், பயணம் கூடாது என்று சான்று வந்தது.

பஸ்ஸில் வைத்துத்தான் படித்தேன். ரத்தம் தலைக்கு ஏறியது. "வேணும்னுதானேம்மா சொன்ன?" என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கக் கேட்டேன்.

"நம்ம பக்கம் எண்ணுறாப்புல எண்ணிச் சொன்னேன். அந்தப் புள்ள தப்பா எழுதுனா நான் என்ன செய்வேன்?" என்று அம்மா அழுதாள். வீடு வரும்வரை அழுகை நிற்கவில்லை.

மறுநாள் காலை அவளே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மருத்துவரிடம் தன் வாயாலேயே, "நான் நடக்குற மாசத்தச் சேத்துச் சொல்லிட்டேன் டாக்டர், மாத்திக் குடுங்க" என்றாள். மருத்துவர் இந்த முறை தானே ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சான்றை மாற்றினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெற்றவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன். அவள் கையைத் தட்டிவிட்டு முன்னால் நடந்தாள்.

போய்ச் சேர்ந்து மூன்றாம் வாரம், நாளாகும் முன்பே மகள் பிறந்தாள். பதினேழு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஒவ்வொரு நாளும் யாராவது வந்து இது உங்கள் காப்பீட்டில் வராது என்று சொல்வார்கள் எனக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. கடிதத்தில் எழுதியபடியே எல்லாம் நடந்தது. இன்றும் எனக்கு அது முழுக்க நம்பிக்கையாக இல்லை.

மகளுக்கு இரண்டு வயதானபோது ஊருக்கு வந்தோம். அவள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் அந்தச் சான்றைப் பற்றி வந்தது.

"வேணும்னுதான் சொன்னேன்," என்றாள் அம்மா, பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே. "எட்டு முடிஞ்சிருச்சுன்னுதான் சொன்னேன். ரெண்டு பெத்தவளுக்கு மாசம் தெரியாதாக்கும்?"

"அப்பறம் ஏன் மாத்தச் சொன்ன?"

"அன்னிக்கு ராத்திரி ஒங்கப்பா அந்தப் பேப்பர எனக்கு வரி வரியாப் படிச்சுச் சொன்னாரு. புள்ளைக்கும் சேத்துப் போயிரும்னு. ஒனக்கு மட்டும்னா விட்டுருக்க மாட்டேன்."

உலகத்தில் ஒரு காகிதம் விடாமல் சந்தேகப்பட்ட நான், என்னை ஏமாற்றிய ஒரே ஆளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கோபம் வர வேண்டும், வரவில்லை. மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தேன்.

"அங்க ஆஸ்பத்திரியில புள்ளைக்கு எல்லாம் பாத்தாக, சரி," என்றாள் அம்மா. "புள்ள பெத்த ஒடம்புக்கு, ஒனக்கு யாரு தலைக்குத் தண்ணி ஊத்துனா?"

"அவரு வெந்நி வச்சுக் குடுத்தாரு. நானேதாம்மா ஊத்திக்கிட்டேன்."

அம்மா பிள்ளையை என் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்துபோய், அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.