சேனாபதியின் நாற்பது விநாடி

பக்கத்து வீட்டு சேனாபதிக்கு எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். விமானம் தரையைத் தொட்டதுமே எழுந்து பெட்டியை இழுப்பார். இட்லி வேகுமுன் மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பார். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து அமெரிக்காவில் ரவுண்ட் ராக் வந்து, இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது என்பாள் அவர் மனைவி சாந்தாமணி. இவர் ஆக்கவே பொறுக்காதவர் என்பேன் நான்.

இப்படிப்பட்டவருக்கு மகன் கவின், காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் கிக்கர். ஆட்டம் முழுக்க ஓரமாக நின்றுவிட்டு, இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்ப மட்டும் உள்ளே வருகிறவன். அந்த நேரத்தில் சேனாபதியைப் பார்க்கச் சகிக்காது.

சீசன் தொடக்கத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்டர்நெட் வழியாக டிவியில் வரும் ஆட்டம், கார் ரேடியோவைவிட நாற்பது விநாடி பின்னால் ஓடுகிறது. அவ்வளவுதான். கவின் உள்ளே வரும்போதெல்லாம் கராஜுக்கு ஓடுவார். கதவைப் படாரென்று திறந்து, "போட்டுட்டான் சாந்தா" என்று கத்திக்கொண்டே வருவார். டிவியில் பையன் அப்போதுதான் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டிருப்பான்.

"ஏனுங்க, நீங்களே சொல்லிப்போட்டா நான் என்னத்தப் பாக்கறது?"

"இனிமே சொல்லல" என்பார். அடுத்த வாரமும் சொல்வார். அந்த சீசனில் கவின் ஒன்றுகூடத் தவறவிடவில்லை.

டிசம்பர் கடைசியில் ஃப்ளோரிடாவில் பவுல் கேம், சீசனின் கடைசிப் பெரிய ஆட்டம். சாந்தாமணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள்தான். இருவரும் போக முடியவில்லை. அங்கே அவனுக்கென்று ஒருத்தர்கூட இல்லையே என்று அவள் புலம்பியதால் துணைக்கு நானும் அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கவின் டீம் ஒரு பாயின்ட் பின்னால். பாக்கி நான்கு விநாடி. அவன் உதைப்பது உள்ளே போனால் ஜெயம். அவனைப் பதற வைக்க எதிரணி டைம்-அவுட் கேட்டது. டிவியில் விளம்பரம் வந்தது. சேனாபதி கராஜுக்கு ஓடினார்.

விளம்பரம் முடிந்து மைதானம் திரும்பியபோது கராஜ் கதவு மெதுவாகத் திறந்தது. சத்தமில்லாமல் வந்து சாந்தாமணியை ஒட்டி சோபாவில் உட்கார்ந்தார். ஆட்டம் ஓடும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கைகளை முட்டிக்கு நடுவே இடுக்கிக்கொண்டு டிவியையே பார்த்தார்.

சாந்தாமணி டிவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஃபோன எடுங்க. அவன் பாக்கறப்ப மொதல்ல நம்ம மெசேஜ்தான் இருக்கோணும்."

"என்னன்னு போடறது சாந்தா?"

"சாப்ட்டியா கண்ணுன்னு போடுங்க."

ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். டிவியில் கவின் மூன்றடி பின்னால் நகர்ந்து நின்று, கம்பங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.