பீரோவுக்குள் எலெக்ட்ரிக் போர்வை: கராச்சர்மாவில் ஒரு மழைக்காலம்

கோத்தகிரிக்காரி அந்தமானுக்குப் போய்விட்டு வந்து எலெக்ட்ரிக் போர்வையைப் பற்றி எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். கடலைப் பற்றி எழுதத்தான் நானும் நினைத்தேன். மழை விட்டால்தானே கடலைப் பார்க்க! போனது ஜூலையில். அந்தமானில் இருக்கும் என் அக்கா கோகிலாவின் மகள் திவ்யாவுக்கு ஆண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். குழந்தையைப் பார்க்கத்தான் பயணம்.

மேட்டுப்பாளையத்தில் இரவு ரயில், காலையில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். மழைக்காலத்தில் போகிறவர்கள் இறங்கிய மறுநாளுக்கே கப்பல் டிக்கெட் போட்டு வைக்காதீர்கள். மேகம் கவிந்தால் விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போவதும் உண்டு. பலகைகளில் ஊர்ப்பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது, மக்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். விமான நிலையத்திலிருந்து அக்கா வீடு இருக்கும் கராச்சர்மாவுக்கு ஐந்தாறு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு ரூபாய். மேன்லேண்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் குடையை மட்டும் மறந்துவிட்டு வருகிறார்கள் என்று ஓட்டுநர் இந்தியில் சிரித்தார். நானும் மறந்திருந்தேன்.

அக்கா கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. மாமாவுக்கு அரசு அலுவலகத்தில் வேலை. ஊரிலிருந்து வந்த அக்காவுக்கு இந்தத் தீவில் ஜென்ம எதிரி என்றால் ஈரம் ஒன்றுதான். உப்பு தண்ணீர் விடும், அப்பளம் நமுத்துப் போகும், செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். அதற்காக இங்கே பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. துணி பீரோவின் அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். அந்தச் சூட்டில் பட்டுப்புடவையும் சர்டிஃபிகேட்டும் காய்ந்தே இருக்கும். இப்போது கடைகளில் எல்.இ.டி. பல்புதான் பெரும்பாலும் கிடைக்கிறது. வெளிச்சம் தரும், சூடு தராது. அக்கா என்ன செய்தாள் என்பதுதான் கதை.

நான் குளித்து வந்ததும், ஈரம் ஏறுவதற்குள் புடவைகளைத் திவ்யாவின் அறையிலிருக்கும் பீரோவில் வைக்கச் சொன்னாள் அக்கா. கதவைத் திறந்தேன். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. பல்பைத் தேடினேன், இல்லை. நடுத்தட்டில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் எட்டாக மடித்த போர்வை ஒன்று. அதன் வயர் கதவு இடுக்கு வழியாக சுவிட்ச் போர்டுக்குப் போனது. மடிப்புகளுக்குள் குழந்தையின் ஈரத் துணிகளைச் செருகியிருந்தாள். பீரோவை ஒட்டித் தொட்டில், தொட்டிலில் குழந்தை தூங்குகிறான். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.

அந்தப் போர்வை எனக்குத் தெரிந்ததுதான். போன டிசம்பரில் அக்காவும் மாமாவும் கோத்தகிரி வந்தபோது என் வீட்டுக் கட்டிலில் இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, ஊட்டியில் ஒன்று வாங்கிக்கொண்டு போனாள். மாமாவின் மூட்டுவலிக்கு என்று நினைத்திருந்தேன். பாவம், அந்த மனுஷர் அதில் ஒருநாள்கூடப் படுக்கவில்லையாம்.

"பிளக்கை ஏன்டி எடுத்தே? குழந்தை லங்கோட்டெல்லாம் இன்னும் காயல," என்று வந்தாள் அக்கா.

அது ஆள் படுப்பதற்கு முன் படுக்கையைச் சூடாக்கத்தான், மடித்து வைத்துப் போடக்கூடாது என்றேன். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உனக்கென்ன, அங்க வெயில்ல போட்டா காயும். இங்க பாரிஷ் ஆரம்பிச்சா நாலு மாசம் துணி காயாது. இத்தனை நாளா போடறேன், ஒண்ணும் ஆகல. பக்கா சாமான்டி இது, சூடு ஜாஸ்தியானா தானா ஆஃப் ஆயிடும்னு கடைக்காரனே சொன்னான்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் அக்காவிடம் கத்திப் பேசினால் இன்னும் பிடிவாதம்தான் பிடிப்பாள். புடவைகளை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, போர்வையை உருவி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தேன். கடைசி மடிப்பில், வயர் திரும்புகிற இடத்தில், விரல் நீளத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு. தொட்டால் துணி மொறுமொறு என்றது. அந்த மடிப்பில் இருந்த குழந்தைத் துணியிலும் அதே கோடு.

அக்கா துணியைக் கையில் வாங்கிப் பார்த்தாள், முகர்ந்தாள். பிறகு தொட்டிலைப் பார்த்தாள்.

"மத்தியானமெல்லாம் கதவைச் சாத்திட்டுத்தான்டி தூங்க வைப்பேன். கொசு வரும்னு."

தொட்டிலைத் தானே இழுத்துக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டாள். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து, போர்வையின் பிளக்கை வயரோடு நறுக்கினாள். அப்படியே தூக்கிப் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் மாட்டுவார்கள் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மலையூர்களுக்குப் போய் இதை வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். போர்வை முழுக்க மெல்லிய வயர் வளைந்து வளைந்து ஓடுகிறது. விரித்துப் போட்டால் சூடு பரவிப் போய்விடும். மடித்தாலோ, மேலே கனம் ஏற்றினாலோ ஒரே இடத்தில் தேங்கும். சூட்டை உணர்ந்து அணைகிற வசதி எல்லாவற்றிலும் இருக்காது, இருந்தாலும் மடிப்புக்குள் நடப்பது அதற்குத் தெரியும் என்று நம்பக்கூடாது. என் வீட்டில் படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுக்கும்போது பிளக்கையே எடுத்துவிடுவோம். கைக்குழந்தைக்குக் கீழே போடவே போடாதீர்கள், சூடு என்று அதற்குச் சொல்லவோ விலகவோ தெரியாது. சர்க்கரை நோயில் கால் மரத்துப் போனவர்களுக்கும் வேண்டாம். ஊக்கு குத்தாதீர்கள். ஈரமாக இருக்கும்போது மாட்டாதீர்கள். எடுத்து வைக்கும்போது தளர்வாகச் சுருட்டி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கருகல் தெரிந்தாலோ வாடை வந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. தீவுபோல் கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர் என்றால், கரண்ட் போன உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். நீங்கள் வெளியே போன பிறகு கரண்ட் வந்து, போர்வை அது பாட்டுக்குச் சூடாகிக்கொண்டிருக்கும். குண்டு பல்பும் துணியைத் தொட்டால் இதே கதிதான்.

திரும்புவதற்கு முன் ஒருநாள் மழை விட்டது. கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்து அபர்தீன் பஜார் போய், கடலை அரை மணி நேரம் பார்த்தேன். மாலை ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கிவிடும், சுற்றிப் பார்க்கிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள்.

போன வாரம் அக்கா வீடியோ காலில் வந்தாள். பின்னால் மழைச் சத்தம். பீரோ கதவு இரண்டும் விரியத் திறந்திருக்க, டேபிள் ஃபேன் ஓடுகிறது. கூடம் முழுக்கக் கயிறு கட்டி லங்கோடு. கல்யாணப் பட்டு நாற்காலியில் கிடந்தது, கரையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சைக்கு ஊரைக் கூட்டுகிறவள் ஆயிற்றே என்று, பட்டு போச்சே அக்கா என்றேன்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த பேரனின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே சொன்னாள்: "பூத்தா பூத்துட்டுப் போகுது. புடவைதானேடி."