தாளில் விழாத கான்

அந்த ஞாயிற்றுக்கிழமை லோஜினி, அம்மாவுக்கு வீடு எழும்புகிற இடத்தைப் பார்க்கத்தான் போனாள். கொட்டகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைக்குள் இரண்டு கட்டை தூரம் ஏற வேண்டும். போன வருட மழையில் அம்மா இருந்த லயத்து வரிசை வீடுகளின் பின்பக்கம் மண் சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து ஆறு குடும்பங்கள் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில்தான் படுத்து எழும்புகின்றன. ஒரு தொண்டு நிறுவனம் ஆறு வீடுகள் கட்டித்தர முன்வந்தது. அதற்குப் பிளான் வரைந்தவள் லோஜினி. அவளுக்கு முப்பத்தொரு வயது. ஹட்டன் டவுனில் சூசைரட்ணம் என்பவரின் பிளான் கடையில் ஏழு வருடமாக வேலை. கம்பியூட்டரில் வரைவது, அச்செடுப்பது எல்லாம் அவள்தான்.

அம்மா பேச்சியம்மா முன்னால் ஓடி ஓடிப் போனாள். “இந்தா பாரு புள்ள, இது குசினி. இங்கதான் அடுப்பு. சன்னலத் தொறந்தா மலை தெரியும்.”

லோஜினி சன்னலைப் பார்க்கவில்லை. வீடுகளுக்குப் பின்னால், வெட்டிய மலைச்சரிவைத் தாங்க எழுப்பிய நீளமான கருங்கல் சுவரைப் பார்த்தாள். நெஞ்சுயரம் வந்திருந்தது. சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. இரண்டு ஆட்கள் அதன் பின்னால் மண்ணை ரொப்பிக்கொண்டிருந்தார்கள்.

மேசன் கணேசமூர்த்தி தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

“பாஸண்ணே, சுவத்துக்குப் பின்னால கான் எங்க?”

“எந்தக் கான் மிஸ்?”

“தண்ணி வடியிற கான். குழாயப் போட்டு, சல்லிக்கல்லு ரொப்பி... சுவத்துல ஓட்டை விட்டிருக்கணுமே.”

“அப்படி ஒண்ணும் பிளான்ல இல்லீங்களே.”

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து விரித்தார். வீட்டுச் சுவர்கள் இருந்தன. தாங்குசுவர் இருந்தது. அதன் பின்னால் வெறும் வெள்ளை. லோஜினி தாளை வெயிலுக்கு நேரே சாய்த்தாள். பென்சில் தூள் சிந்தியது போல நாலைந்து சாம்பல் புள்ளிகள் தெரிந்தன. அவள் கீறிய கான் அதுதான். பக்கத்தில் அம்புக்குறி போட்டு எழுதிய குறிப்பும் புள்ளிகளாகச் சிதறியிருந்தது.

“நான் எட்டாம் வகுப்புதாங்க,” என்றார் கணேசமூர்த்தி. “ஆனா தாள்ல ஒரு கோடு இருந்தா, அதக் கட்டாம வுட்டதில்ல.”

மலைத்தண்ணீர் சுவருக்குப் பின்னால் வந்து நிற்கும். போக வழியில்லை. ஈர மண்ணின் பாரம் முழுவதும் சுவரைத் தள்ளும். சுவருக்கு முன்னால் ஆறு குசினிகள்.

“மண்ணு ரொப்புறத நிப்பாட்டுங்கண்ணே. இதை ஒடைக்கணும்.”

“நீங்க சொன்னா நான் ஒடைக்க முடியாது மிஸ். அந்த நிறுவனத்து மாத்தயா செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு வாறாரு. திருத்துன பிளான அவரு கையில குடுங்க. தாள் இல்லாம ஒரு கல்லக்கூட எடுக்க வுடமாட்டாரு.” அவர் வானத்தைப் பார்த்தார். “புதன்கிழமையிலேர்ந்து மழைன்னு டிவியில சொன்னாங்க.”

“என்னா புள்ள, மொகம் வெளிறிப் போச்சி?” என்று கேட்டாள் பேச்சியம்மா.

“ஒண்ணுமில்லம்மா,” என்றாள் லோஜினி.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும்போதே போய்விட்டாள். ஃபைலைத் திறந்தாள். கறுப்புத் திரையில் கான் பளிச்சென்று மஞ்சளாக ஓடியது. மற்ற எல்லாக் கோடுகளையும் விட அதுதான் கண்ணில் குத்தியது. பிளானைச் சரிபார்த்த என்ஜினியரும் இதைத் திரையில் பார்த்துத்தான் சரி என்று சொல்லியிருந்தார். அச்சுக் கட்டளை கொடுத்தாள். வழக்கமாக வரும் சின்னப் பெட்டி திரையில் முளைத்தது. அவள் விரல் வழக்கம்போல ‘ஓகே’க்குப் போனது. போன விரல் அப்படியே நின்றது. முதல் தடவையாக அந்தப் பெட்டியில் இருந்ததை வாசித்தாள். பென் செட்டிங் ஃபைல் கிடைக்கவில்லை என்று இருந்தது.

எந்த நிறக் கோடு தாளில் எவ்வளவு தடிப்பாக, எவ்வளவு கறுப்பாக விழ வேண்டும் என்று பெரிய தாளில் அச்சடிக்கிற பிளொட்டருக்குச் சொல்வது அந்த ஃபைல்தான். மூன்று மாதத்துக்கு முன் பழைய கம்பியூட்டர் எரிந்து புதியது வாங்கியபோது, தனியாகப் பிரதி எடுத்து வைத்திருந்த பிளான்களை எல்லாம் ஏற்றினாள். அந்தச் சின்ன ஃபைலை மட்டும் பிரதி எடுக்க மறந்திருந்தாள். அது இல்லாமல் ஒவ்வொரு நிறமும் அதனதன் சாயலிலேயே அச்சாகும். கடைப் பிளொட்டரில் கறுப்பு மை மட்டும்தான். திரையில் எரிகிற மஞ்சள், வெள்ளைத் தாளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மூன்று மாதமாக அந்தப் பெட்டி வந்துகொண்டுதான் இருந்தது. அவளும் ஓகே அமுக்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. பதிவுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். இந்த மூன்று மாதத்தில் இன்னும் பதினொரு பிளான்கள் கடையை விட்டுப் போயிருந்தன. பதினொரு பெயர்களையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள்.

சூசைரட்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இங்க பாரு லோஜினி. புதுசா ஒண்ணு அடி. பழைய தேதியப் போடு. தாள் சரியாத்தான் குடுத்தோம், மேசனுக்கு வாசிக்கத் தெரியலன்னு சொல்லுவோம்.”

“அவருகிட்ட அந்தத் தாள் இருக்கு சேர்.”

“மழையிலயும் வெயிலயும் கெடந்த தாள். அழிஞ்சி போச்சின்னா யாரு இல்லங்கப் போறா? கடை பேரு போச்சின்னா உனக்கும் சோறில்ல, எனக்கும் சோறில்ல.”

திரும்பி வந்து கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான் என்பது அவளுக்குத் தெரியும். மேசனின் சொல்லுக்கு எதிராகக் கடையின் முத்திரை. கணேசமூர்த்திக்கு இனி இந்தப் பக்கத்தில் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

பழைய ஃபைல் கிடைக்க வழியில்லை. முதலில் எல்லா நிறத்தையும் கறுப்பாக்கி அச்செடுத்தாள். கான் வந்தது. ஆனால் எல்லாம் ஒரே தடிப்பு. வீட்டுச் சுவர், கான், மலையின் ஏற்றத்தைக் காட்டும் சமவுயரக் கோடுகள் எல்லாம் முள்ளுப் பற்றை போல ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன. எந்தக் கோடு கல், எந்தக் கோடு மலை என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு நிறமாகத் தடிப்புக் கொடுத்தாள். சுவருக்கு அரை மில்லிமீட்டர், கானுக்கு அதைவிடக் குறைவு, சமவுயரக் கோட்டுக்கு மயிரிழை. இரண்டாவது தாளில் மயிரிழைகள் படிக்கட்டு போல உடைந்து வந்தன. மை மிச்சம் பிடிக்க சூசைரட்ணம் பிளொட்டரை அவசர அச்சில் போட்டிருந்தார். அதை மாற்றினாள். மூன்றாவது தாளில் கானின் விட்டுவிட்டுப் போகும் கோடு ஒட்டிப்போய் முழுக் கோடாக விழுந்தது. மேசன் அதை இன்னொரு சுவர் என்றுதான் வாசிப்பார்.

அப்போது கரண்ட் போனது. வந்தபோது மூன்றரை மணி.

தாள் உருளையைத் தூக்கிப் பார்த்தாள். கையில் கனமே இல்லை. புது உருளை கொழும்பிலிருந்து வியாழக்கிழமைதான் வரும். இனி முழுப் பிளானை அச்செடுத்துப் பார்க்க முடியாது. சுவரும் கானும் சேரும் மூலையை மட்டும் தெரிந்தெடுத்து, உள்ளங்கை அகலத்தில் அச்சடித்துப் பார்த்தாள். கோட்டுத் துண்டுகளின் நீளத்தை இரட்டிப்பாக்கினாள். துண்டுகள் பிரிந்தன, ஆனால் ஓரமெல்லாம் மை கசிந்து பூத்திருந்தது. உருளை சன்னலோரம் இருந்து பனியைக் குடித்திருந்தது. ஈரம் ஏறிய வெளிச்சுற்றுகளை வெட்டி எறிந்தாள். கடை சாத்தும் நேரமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மீதியைப் பார்த்தபோது இரண்டு தாளுக்குத்தான் இருந்தது. ஒன்றில் தலைப்புப் பெட்டி வெட்டுப்பட்டுப் போனது. கடைசித் தாளை ஏற்றினாள். பன்னிரண்டு மணிக்கு அது முழுதாக வெளியே வந்தது. சுவர் கறுப்பாக, உறுதியாக நின்றது. சமவுயரக் கோடுகள் மெலிந்து பின்னால் போயிருந்தன. நடுவில் கான், ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக.

மூலையில் செவ்வாய்க்கிழமைத் தேதி இருந்தது. அதற்குக் கீழே, அச்சிடும் முன்பே அவள் சேர்த்திருந்த ஒரு வரி: ‘முதல் தாளில் கான் அச்சில் விழவில்லை. தவறு வரைந்தவருடையது.’

சூசைரட்ணம் அதை வாசித்தார். முத்திரையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். “இதக் கொண்டு போனா, நாளைக்கு இங்க வராத.”

அவள் தாளில் தன் கையெழுத்தை மட்டும் போட்டு, சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நிறுவனத்து அதிகாரி தாளை ஜீப்பின் மேல் விரித்து நெடுநேரம் பார்த்தார். யாருடைய பிழை இது என்று சிங்களத்தில் கேட்டார். கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

“மம தமய் மாத்தயா,” நான்தான் என்றாள் லோஜினி.

அவர் திட்டினார். ஆட்கள் முன்னால், கத்தித் திட்டினார். பிறகு தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே உடைக்கத் தொடங்கினார்கள். ஆறு வீட்டு ஆட்களும் பெண்களும் பின்மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். லோஜினியும் கூடை சுமந்தாள். புதன்கிழமை பின்னேரம் நாலு வீட்டு நீளத்துக்குக் கான் போட்டு முடிந்தபோது மழை பிடித்தது. விடாமல் பெய்தது. வியாழன் காலையில் மீதி இரண்டு வீட்டு நீளத்துக்குச் சுவர் வயிறு தள்ளி, பிளந்து, விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் இரண்டு வீட்டுச் சுவர்கள் சேற்றுக்குள் போயின. ஒன்று அழகம்மாவின் வீடு. மற்றது பேச்சியம்மாவின் வீடு.

பிள்ளை மடுவத்தில் அம்மாவின் பாயில் உட்கார்ந்து லோஜினி நடந்ததை முழுதாகச் சொன்னாள். பேச்சியம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்குச் சொல்லாத புள்ள. போயி அழகம்மாகிட்ட சொல்லு.”

அழகம்மாவுக்கு நடக்க முடியாத புருஷன். அவள் லோஜினியை வாயில் வந்தபடி ஏசினாள். ஏசி முடித்துத் தரையில் உட்கார்ந்து அழுதாள். லோஜினி எழும்பிப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை லோஜினி கடைக்குப் போனாள். வராதே என்று சொன்ன சூசைரட்ணம் அவளைப் பார்த்தார், நகர்ந்து வழிவிட்டார். புது உருளை வந்திருந்தது. பதினொரு பிளான்களையும் திரும்ப அச்செடுத்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒன்பது பேர் வேலையே தொடங்கியிருக்கவில்லை. திம்புள்ளவில் ஒரு வீட்டில் கழிவுக்குழாயைத் தவறான பக்கம் புதைத்திருந்தார்கள். கடைசி ஆளின் நம்பர் பாவனையில் இல்லை. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கே போய், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். மாடிப் படிக்கு மேலே வரவேண்டிய பீம் இல்லாமல் முட்டுக் கொடுத்து நின்றது அந்த வீடு. வீட்டுக்காரர் அவளைக் கேற்றுக்கு வெளியே நிற்க வைத்துத்தான் பேசினார்.

நாலு குடும்பங்கள் குடிபோய்விட்டன. பேச்சியம்மாவும் அழகம்மாவும் இன்னும் மடுவத்தில்தான். இரண்டாம் தடவை கட்டச் சாமான் வர ஐந்து மாதம் ஆனது. இரண்டு வீட்டுச் சுவரும் இப்போது முழங்காலளவு. கடையில் சூசைரட்ணத்துக்கு வேலையைத் தவிர அவளோடு வேறு பேச்சில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் லோஜினி மலைக்கு ஏறிப் போகிறாள். கணேசமூர்த்தி தாளை விரித்து, விரலை வைத்து, ஒவ்வொரு கோடாக என்னவென்று அவளுக்கு வாசித்துக் காட்டுகிறார். ஒரு கோடும் விடுபடவில்லை என்று கடைசி வரை கேட்ட பிறகுதான் அவள் மலையிறங்குகிறாள்.